காருக்குக் காது குத்திய ஊர்

ஊஞ்சப்பாளையத்துக் கார்களுக்குக் காது முளைக்கத் தொடங்கியது ஓர் ஆனி மாதத்தில், வெங்காயம் நடுகிற சமயத்தில், அரிசி மண்டிக்காரர் வீட்டு வெள்ளைக் காரில். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், பாட்டும் வழியும் சொல்கிற திரைக்குச் சற்று மேலே, முதலில் கொசு கடித்தது போலத் தடித்து, மூன்றாம் நாள் பிசுபிசுவென்று சுருண்டு எழும்பி, ஒரு வாரத்துக்குள் ஐந்து வயதுப் பிள்ளையின் காது அளவுக்கு மடலும் குழியும் ஓரத்தில் பூனைமுடியுமாக விரிந்து நின்றது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. யார் பேசினாலும் அவர் பக்கம் லேசாகத் திரும்பியது. ஆடி பிறப்பதற்குள் புது மாடல் கார் வைத்திருந்த நாற்பத்தேழு வீட்டிலும் அது முளைத்துவிட்டது.

ஏன் முளைத்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் இடது காதா வலது காதா, இடது என்றால் வண்டி பொம்பளைப் பிள்ளையா, வெள்ளைக் காருக்குச் சிவந்த காதுதான் முளைக்குமா, கறுத்துப் பிறந்த காதுக்குப் பவுடர் போட்டால் நிறம் வருமா என்பதுதான். பழைய கார் வைத்திருந்தவர்கள் கோதுமை மாவில் காது பிடித்து ஒட்டி, கண்ணாடிக்கு உள்ளே தெரிகிற மாதிரி நிறுத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குக் காது முளைத்த கார் இருக்கிறது என்று தரகர்கள் ஜாதகத்தோடு சேர்த்துச் சொன்னார்கள். வெயில் நேரத்தில் கதவைத் திறந்தால் ஊசிப்போன தேங்காயெண்ணெயும் புளித்த மோரும் கலந்த ஒரு வாடை முகத்தில் அடிக்கும், அதற்கும் ஊர் மூன்றே நாளில் பழகிக்கொண்டது.

ருக்குமணிக்கு மட்டும் அந்தக் காதைப் பார்த்த முதல் நாளே குமட்டியது. குமட்டியதை வெளியே சொல்லாமல் விழுங்கிக்கொண்டாள், அவள் செய்த தப்பு அதுதான்.

ருக்குமணி லேடீஸ் டிரைவிங் ஸ்கூல் என்று பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போர்டு வைத்துப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் விட்டுப்போன ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு ஆரம்பித்தவள், ஊரில் பாதிப் பெண்களுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக் கொடுத்திருந்தாள். கற்றுக் கொடுத்ததை விடக் கேட்டது அதிகம். கண்ணாடியை ஏற்றிவிட்டால் ஊஞ்சப்பாளையத்துப் பெண்களுக்கு வாய்விட்டுப் பேச இருந்த ஒரே இடம் அந்தக் கார்தான். இரண்டாவது கியருக்குள் மாமியார் வந்துவிடுவாள், மூன்றாவதில் புருஷன் வருவான், பைபாஸில் ஏறி டாப் கியர் விழுந்த பிறகு, பெற்ற தாயிடமும் சொல்லாதது வரும். ருக்குமணி குறுக்கே பேசமாட்டாள். கிளட்ச் என்பாள், பிரேக் என்பாள், அழுகை முற்றினால் ஓரமா நிறுத்து கண்ணு என்பாள். இறங்கும்போது சேலையை உதறிக்கொள்வது போலக் கேட்டதை உதறிவிட்டு இறங்கிவிடுவாள். ஒரு வார்த்தை வெளியே போனதில்லை. அவளுக்குச் சொத்து என்று இருந்தது அந்த வாய் ஒன்றுதான்.

பழைய கார் அந்த வருஷம் எஃப்.சி.யில் தேறாமல் போக, கடனை உடனை வாங்கிப் புது மாடல் எடுத்தாள். எடுத்த அன்று ஷோரூமில் நாற்பது பக்கத் தாள் நீட்டினார்கள். எல்லோரையும் போல அவளும் ஓரத்தில் பிள்ளையார் சுழி போட்டு, மஞ்சள் தடவி, படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஆடிப் பெருக்கு அன்று அவள் காரிலும் காது முளைத்தது.

முளைத்த காதைச் சும்மா விடுகிற ஊரா இது? ஆவணியில் முகூர்த்தம் பார்த்துக் காதுகுத்து வைக்கத் தொடங்கினார்கள். பத்திரிகை அடித்தார்கள், பந்தல் போட்டார்கள், கடா வெட்டினார்கள். ஒரே ஒரு சிக்கல்தான் வந்தது. தாய்மாமன் மடியில் வைத்தல்லவா காது குத்த வேண்டும், காருக்குத் தாய்மாமன் யார்? இரண்டு நாள் டீக்கடையில் இதே பேச்சு. கடைசியில் கோயில் தர்மகர்த்தா யோசித்துச் சொன்னார்: பெத்தது கம்பெனி, கம்பெனிக்குக் கூடப் பொறந்தது ஷோரூம், அப்ப ஷோரூம் மேனேஜருதானுங்க தாய்மாமன். ஊருக்கு அது சரியென்று பட்டது.

மேனேஜர் தனசேகருக்கு முப்பத்துநாலு வயது. டை கட்டியவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர், எதற்கும் புன்சிரிப்பை விடாதவர். அவருக்குப் பட்டுத் துண்டு போட்டு, மேளத்தோடு ஊர்வலமாக அழைத்துவந்து டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்கள். அவர் காதுக்குக் கீழே கையை ஏந்திக்கொள்ள, ஆசாரி குத்தினார். காது சுருங்கியது, ஒரு சொட்டு வெள்ளையாக வழிந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். இந்தப் பக்கத்தில் தாய்மாமன் என்றால் லேசுப்பட்ட உறவில்லை. எந்த நேரமும் வீட்டுக்குள் வரலாம், சமையல்கட்டு வரைக்கும் போகலாம், எதற்கு வந்தீர்கள் என்று அவரைக் கேட்பது மரியாதையில்லை. ஆகவே மாதம் ஒருமுறை தனசேகரின் ஆட்கள் சின்னக் கரண்டியோடும் எவர்சில்வர் டப்பாவோடும் வந்து, போர்ட்டிகோவில் நின்ற காரைத் திறந்து, காதுக்குள் விட்டுக் குறும்பியை வழித்து உருட்டி எடுத்துக்கொண்டு போனபோது, எதற்கு என்று நாற்பத்தேழு வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

ருக்குமணி காதுகுத்து வேண்டாம் என்றுதான் சொன்னாள். அவளிடம் கார் பழகிய பெண்கள் விடவில்லை. அவர்களுக்கு அந்தக் காதின் மேல் ஒரு பிரியம் விழுந்திருந்தது. பைபாஸில் போகும்போது அக்காவைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டு அதைப் பார்த்துப் பேசினார்கள். சுகந்தி தன் சின்ன வயசுச் சிவப்புக்கல் தோட்டில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள்.

"ஒண்ணு போதுமில்லீங்க்கா, இதுக்கு ஒரு காதுதான. திரும்பி ஒரு வார்த்த சொல்லாமக் கேக்குதுங். எங்கூட்ல மனுசங்க யாருக்கும் இப்பிடி ஒரு காது இல்லீங்."

சுகந்திக்கு இருபத்தொன்பது வயது. போர்வெல் வண்டி ஓட்டும் லோகநாதனுக்கு வாழ்க்கைப்பட்டு ஆறு வருஷம். புதுசாக வாங்கிய காரில் அவன் அம்மாவைக் கோயில் கோயிலாகக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டியிருந்ததால்தான் அவளைக் கார் பழக அனுப்பியிருந்தான். குழந்தை இல்லை. இல்லாததற்கு ஊர் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தது, அந்தப் பெயரை மாமியார் விருந்தாளிகள் முன்னால் வைத்துத்தான் கூப்பிடுவாள். புரட்டாசியில் ஒரு நாள், டாப் கியரில், சுகந்தி சொன்னாள்.

"கொற எங்கிட்ட இல்லீங்க்கா. டாக்டர் சீட்டு எங்கிட்டத்தான் இருக்குது. அவருக்குத்தான். சொன்னா மனசொடிஞ்சு போவாருன்னு நாலு வருசமா அரிசி டின்னுக்கு அடியில வெச்சிருக்கறனுங்." சற்று தூரம் போன பிறகு அடுத்ததைச் சொன்னாள். "லேப்ல வேல சொல்லி வெச்சிருக்கா எங்கூடப் படிச்சவ. டெஸ்ட்டு அன்னிக்கு, ஆர்டிஓ கிரவுண்டுல இருந்து அப்படியே பஸ் ஏறிர்லாம்னு இருக்கறனுங். அவரு கை நீட்டறது இப்பல்லாம் ஜாஸ்தியாயிருச்சுங்க்கா."

"உசுரே போனாலும் எங்கிட்ட இருந்து வெளிய போவாது கண்ணு," என்றாள் ருக்குமணி. "நடு ரோட்டுல ஏறாத, எடதுல போ."

காது இரண்டு பேர் பக்கமும் மாறி மாறித் திரும்பியது.

ஆயுத பூஜைக்கு ஷோரூமிலிருந்து வீட்டுக்கு வீடு பொட்டலம் வந்தது. பொரி, கடலை, நாட்டுச் சர்க்கரை, ஒரு வாழைப்பழம், அதோடு வெள்ளித் தாளில் சுற்றி, சுண்டைக்காய் அளவில் ஒரு உருண்டை. 'உங்களுக்குச் சம்பந்தமானது' என்று மேலே அச்சடித்திருந்தது. காதில் வைத்தால் கேட்கும் என்பதை அரிசி மண்டிக்காரரின் பேரன் தற்செயலாகக் கண்டுபிடிக்க, சாயங்காலத்துக்குள் ஊரே ஒரு கையால் பொரி தின்றுகொண்டு மறுகையால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பங்காளி காரில் என்ன பேசினான் என்று பங்காளி கேட்டான். சம்பந்தி பேசியதைச் சம்பந்தி கேட்டார். யாரும் யாரையும் கேட்டு வாங்கவில்லை, யாருக்கு எது ருசிக்கும் என்று பார்த்துப் பார்த்துக் கம்பெனியே அனுப்பி வைத்திருந்தது. அந்த வாரத்தில் இரண்டு நிச்சயதார்த்தம் முறிந்தது, ஒரு கிணற்றுக்கு நடுவே சுவர் வந்தது. பேசினவர்களை வண்டை வண்டையாகத் திட்டினார்கள். காதை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அது என்ன பண்ணும், பச்சைக் குழந்தை என்றார்கள். நம்மகிட்ட ஒளிக்க என்ன இருக்குது என்று சொல்லிக்கொண்டே அடுத்தவன் உருண்டையை இரவல் கேட்டார்கள். இதைச் சொல்லும்போதே வாய் கசக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ருக்குமணி தனக்கு வந்த உருண்டையைத் தாளைப் பிரிக்காமல் சாக்கடையில் போட்டாள். தன் காரிலிருந்து வழித்ததும் யார் வீட்டுக்கோ போயிருக்கும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. செருப்பைக்கூடப் போடாமல் லோகநாதன் வீட்டுக்கு ஓடினாள்.

போர்ட்டிகோவில் கார் நின்றது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் சுகந்தி நின்றாள். இடது காது வீங்கி, கன்னம் வரைக்கும் நீலம் பாரித்திருந்தது. அரிசி டின் முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது.

"உங்ககிட்ட மட்டுந்தானுங்க்கா சொன்னேன்," என்றாள் சுகந்தி.

"கண்ணு, நானில்ல. அந்தக் காது..."

"காது பேசுமாங்க்கா." அவள் கத்தவில்லை. "வாயிருக்கறவங்கதான் பேசுவாங்க. எந்தோட்ட மட்டும் குடுத்தனுப்புங்க."

ஜன்னலைச் சாத்திவிட்டாள். உருண்டை அவள் கண்ணில் படவேயில்லை என்பது ருக்குமணிக்குப் புரிந்தது. கேட்டவன் எதில் கேட்டான் என்று சொல்லியிருக்கமாட்டான், அறைந்திருப்பான், அவ்வளவுதான். பதினான்கு வருஷம் எத்தனையோ பேர் கண்ணீரை மடியில் வாங்கியவளுக்கு, அந்த ஒரு பெண் தன்னைப் பார்த்த பார்வை தாங்க முடியாததாக இருந்தது. அடி வாங்கிய பெண் அந்த வீட்டுக்குள் இருக்கிறாள், அவளை வெளியே கொண்டுவரப் போகிற கையை அவளே நம்பமாட்டாள். இதைச் சரிசெய்யாமல் தன்னால் இன்னொரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கிளட்ச் என்று சொல்ல முடியாது என்று நினைத்தாள். அன்றைக்கே தன் காரின் காதிலிருந்து தோட்டைத் திருகிக் கழற்றினாள். காது துடித்தது, அவள் விரல் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு.

அடுத்த புதன்கிழமை, நல்ல முகூர்த்த நாள், ஷோரூமுக்குப் போனாள். தனசேகர் ஒரு காதுகுத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார், தோளில் பட்டுத் துண்டு.

"எங்கார்ல வழிச்சத எனக்குத் திருப்பிக் குடுங்."

"அதுக்கு ரூல் இல்லீங்க்கா," என்றார் தனசேகர், சிரிப்பு மாறாமல். "உங்களோடத உங்களுக்குக் குடுக்க முடியாதுங். வேற யாரோடது வேணும்னாலும் கேளுங்க, தாராளமாத் தர்றோம்."

ருக்குமணி கேட்டாள். "போர்வெல்லு லோகநாதனோடது?"

"ஓ, எடுத்துக்குங்க. அவரு வண்டியில எடுத்தது, அவருக்கு அனுப்பினதோட மறுபாதி, எல்லாம் ஒரே டப்பாவுலதான் இருக்குது. கொஞ்சம் தேடிப் பாத்துக்கோணும்ங்."

பின்னறை முழுக்கத் தட்டுத்தட்டாக எவர்சில்வர் டப்பா, ஒவ்வொன்றிலும் வண்டி எண். ஏசி ஓடியும் அந்த வாடை. லோகநாதன் டப்பாவைத் திறந்தாள். நூறு உருண்டை இருக்கும், எல்லாம் ஒரே பழுப்பு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. எதில் எது இருக்கிறது என்று தெரிய ஒரே வழிதான். முதல் உருண்டையைப் பிய்த்து, கண்ணை இறுக மூடி, தன் வலது காதுக்குள் வைத்தாள்.

அது தானாக உருகி உள்ளே இறங்கியது. லோகநாதன் ஏப்பம் விட்டான், பல் குத்தினான், தனியாகப் பாடினான். அடுத்தது. பாக்கிக் கூலி கேட்ட வேலைக்காரனை ஏசினான். அடுத்ததில் அவன் அம்மா, சேலத்தில் ஒரு பெண் இருக்கிறதாம், இவளை எப்படியாவது கழற்றிவிட வேண்டும் என்றாள், அவன் ம் ம் என்றான். அடுத்ததில் அவன் தனியாக அழுதான், ஏன் என்று தெரியவில்லை, அதையும் ருக்குமணி கேட்கவேண்டியதாயிற்று. அதுதான் எல்லாவற்றிலும் அருவருப்பாக இருந்தது. அடிக்கிறவனின் அழுகையாகவே இருக்கட்டும், அது அவனுடையது, அதைக் கேட்க அவளுக்கு எந்த உரிமையும் இல்லை. கேட்டுவிட்டாள், இனி அது அவளுக்குள் இருக்கும். காது நிறைந்து கழுத்தில் வழிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டே போனாள். அறுபதுக்கு மேல் இருக்கும், ஒன்றில் சன்னமாக இன்ஜின் சத்தம் கேட்டது, அதன்மேல் சுகந்தியின் குரல், கொற எங்கிட்ட இல்லீங்க்கா. பிறகு ருக்குமணியின் குரலே அவளுக்குக் கேட்டது, உசுரே போனாலும்.

முழுதும் உருகுவதற்குள் அதைத் தோண்டி எடுத்து வெள்ளித் தாளில் சுற்றினாள். வெளியே வந்து, கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்த பூந்தொட்டியில் குடல் வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்தாள். ரிசப்ஷனில் இருந்த பெண் ஓடிவந்து டிஷ்யூவும் ஒரு அட்டையும் நீட்டினாள்.

"சர்வீஸ் எப்படி இருந்துச்சுன்னு அஞ்சு ஸ்டார் போட்டுருங்க்கா."

லோகநாதன் வீட்டில் அப்போது சுகந்தியைத் தவிர ஆளில்லை. மாமியார் அடுத்த தெருக் காதுகுத்துப் பந்தலில் இருந்தாள், அவன் வேலைக்குப் போயிருந்தான். கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, பூட்டுக்கூடப் போடாமல் போயிருந்தார்கள். பூட்டும் நாயும் எதற்கு, போர்ட்டிகோவில் கண்ணாடி இறக்கிய கார் நிற்கிறது, ஒரு வார்த்தை பேசினாலும் அது வாங்கிக்கொள்ளும், கேட்டால் மேனேஜர் ராத்திரிக்குள் வழித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். ருக்குமணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரமாக நடந்தாள். காது மெதுவாகத் திரும்பிப் பார்த்தது. நல்லவேளையாகத் தெருமுனையில் தாய்மாமன் ஊர்வலத்து மேளம் எழும்பியது. அந்தச் சத்தத்தில் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

சுகந்தி சமையல்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ருக்குமணியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொல்வதற்கு ருக்குமணியிடம் ஆயிரம் இருந்தது, ஒன்றைக்கூட வாய்விட்டுச் சொல்ல வழியில்லை. தாளைப் பிரித்து, அந்தப் பழுப்பை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். தன் காதைத் தொட்டுக் காட்டினாள், மடலெல்லாம் பிசுக்காகக் கறுத்திருந்த காதை. சுகந்திக்கு மூக்கு சுருங்கியது. அக்காவின் கழுத்தில் வழிந்து காய்ந்திருந்ததைப் பார்த்தாள், தலைப்பில் துடைத்த கறையைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வாங்கி, வீங்காத காதில் வைத்தாள்.

மேளம் பக்கத்தில் வந்து, தாண்டி, தேய்ந்தது. சுகந்தி அசையவில்லை. கேட்டு முடித்ததும் எழுந்து, குழாயடியில் குனிந்து, சீயக்காய்த் தூள் போட்டு மூன்று தடவை காதைக் கழுவினாள். பிறகு ருக்குமணியைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, அவள் காதையும், மடலுக்குப் பின்னால் கழுத்து வரைக்கும், குழந்தைக்குக் கழுவுவது போலத் தேய்த்துக் கழுவிவிட்டாள். ருக்குமணி சத்தம் வராமல் அழுதாள்.

சுகந்தியின் படிப்புச் சான்றிதழ்ப் பையை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்றரை மைல். வழியெல்லாம் வீட்டுக்கு வீடு கார், ஒவ்வொன்றிலும் கம்மல், ஜிமிக்கி, வைரத்தோடு மின்னத் திரும்பித் திரும்பி அவர்களைக் கேட்டுக்கொண்டே இருந்தன. அவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இருமல் வந்தாலும் அடக்கிக்கொண்டு நடந்தார்கள்.

நின்றுகொண்டிருந்தது ஒரு லொடலொடத்த அரசு பஸ். அதில் காது என்ன, கண்ணாடியே பாதிதான் இருந்தது. இன்ஜின் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. சுகந்தி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ருக்குமணி கீழே நின்று தோட்டை அவள் கையில் வைத்தாள். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"தப்பா நெனச்சுட்டனுங்க்கா."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு."

சுகந்தி ஏதோ சொல்ல வந்தாள். வாய் திறந்தது. அதற்குள் அவள் பார்வை ஜன்னல் விளிம்பில் ஓடியது, சீட்டுக்கு அடியில் ஓடியது, கம்பியில் ஓடியது, கடைசியில் வந்து ருக்குமணியின் காதில் நின்றது. கழுவிச் சிவந்த, தோடு போட்ட, சாதாரணக் காது. வாய் மூடிக்கொண்டது.

"எங்க போறன்னு உங்ககிட்டச் சொல்லுல. கோவிச்சுக்காதீங்க்கா," என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்தது. "உங்கள நம்பாம இல்லீங்."

கண்டக்டர் பையைத் தூக்கிக்கொண்டு அவள் சீட்டுக்கு வந்தார். "எங்கம்மா?" என்று கேட்டார்.

ருக்குமணி திரும்பி நின்று, இரண்டு கையாலும் தன் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டாள். டிக்கெட் கிழித்து, விசில் கொடுத்து, பஸ் நகர்ந்து ரோட்டில் ஏறுகிற வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.